மாலை நாலு மணி இஸ்திரி

நவம்பர் 24, திங்கள்

மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் உதவிப் பொறியாளரைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். கூடத்து விளக்கு மினுங்குகிறது என்றேன்.

"எப்ப சார் மினுங்குது?"

"அடிக்கடி."

"அடிக்கடின்னா நாங்க என்ன செய்ய முடியும்? ஒரு நோட்டுல தேதி, நேரம், எந்த ரூம், எவ்வளவு நேரம்னு எழுதிட்டு வாங்க. பாத்துரலாம்."

எழுதச் சொன்னால் இந்தக் கிழவர் திரும்பி வரமாட்டார் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். நான் முன்சீப் கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன். மற்றவர்கள் வாழ்ந்ததை எழுதியே வாழ்ந்தவன். வரும் வழியிலேயே நோட்டு வாங்கிவிட்டேன்.

சம்பந்தப்பட்ட சொத்தின் விவரம்: பாளையங்கோட்டையில் 1956-ல் என் அப்பா கட்டிய வீடு. பதினான்கு வருடத்துக்கு முன் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தென்பாதியில் நான், எபநேசர், வயது அறுபத்தேழு, மனைவியை இழந்தவன். வடபாதியில் என் அக்கா லில்லி, வயது எழுபத்தொன்று, திருமணமாகாதவர், ஓய்வுபெற்ற பாலர் பள்ளி ஆசிரியை. எங்களுக்குள் பதினான்கு வருடமாகப் பேச்சு இல்லை. இதற்கும் விளக்கு மினுங்குவதற்கும் சம்பந்தமில்லை. விவரம் முழுமையாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மாலை 4.20: கூடத்து விளக்கு மினுங்கல்.
4.25: மினுங்கல் நின்று வெளிச்சம் கூடியது.
5.40: பழைய நிலை.

நவம்பர் 25, செவ்வாய்

4.15 முதல் 5.35 வரை. நேற்றுப்போலவே. மின்விசிறியை இரண்டில் வைத்தால் நாலில் சுற்றுகிறது. கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்கும் ஒரு அரசாங்க இணைப்பை என் அனுபவத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

நவம்பர் 27, வியாழன்

4.15-க்கு வெளிச்சம் கூடுகிறது. 4.35-க்குச் சுவருக்கு அப்பாலிருந்து கேக் வாசனை வருகிறது. 5.35-க்கு வெளிச்சம் இறங்குகிறது.

வடபாதிக்காரர் ஓய்வுபெற்றதிலிருந்து கிறிஸ்துமஸ் நாட்களில் ஆர்டரின்பேரில் பிளம் கேக் செய்கிறார். ஒரு ஈட்டுக்கு எட்டுக் கேக் வேகும் பெரிய மின்சார ஓவன் ஒன்று வைத்திருக்கிறார். இரண்டு சம்பவங்கள் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒன்றுக்கு மற்றொன்று காரணம் ஆகிவிடாது. இந்த ஒரு வாதத்தை வைத்தே எங்கள் கோர்ட்டில் பல பேர் ஜெயித்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆகவே குறித்து வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நவம்பர் 29, சனி

4.22: அடுக்களை பல்பு வெடித்தது.
4.31: மிக்ஸியில் புகை. தேங்காய்ச் சட்னி பாதியில் நிற்கிறது.

எலக்ட்ரீஷியன் உச்சிமாகாளிக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை வருகிறாராம். இந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு அவர்தான் வேலை பார்க்கிறார். வடபாதிக்கும் அவர்தான்.

டிசம்பர் 1, திங்கள்

மாகாளி மூன்று மணிக்கு வந்தார். சாட்சியம் கீழ்க்கண்டவாறு.

"ஹோல்டர் லூசு அண்ணாச்சி." மாற்றினார். மினுங்கியது.

"சுவிச்சு பழசுலா." மாற்றினார். மினுங்கியது.

"அப்ப டியூப்லைட்டுதான்."

"அது டியூப்லைட் இல்லை. நீயே போன வருடம் மாட்டிய எல்.இ.டி."

"அதான் பாத்தேன், நல்லாத்தானே இருக்குன்னு."

மூன்று முறை வாக்குமூலத்தை மாற்றிய சாட்சியை எங்கள் நீதிபதி என்றால் அப்போதே இறக்கிவிட்டிருப்பார். நான் காபி கொடுத்தேன். 4.18-க்கு வெளிச்சம் கூடியது. மாகாளி தம்ளரை வைத்துவிட்டு மீட்டரை எடுத்துப் பிளக்கில் வைத்தார். வைத்தவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணாச்சி, இருநூத்து முப்பது வோல்ட்டு இருக்கணும், இருநூத்து அறுபத்தெட்டு காட்டுது. ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணுங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க."

பண்ணினோம். அவர் வடபாதிக்கு ஓடினார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"டீச்சர் வீட்டுல நூத்து எழுபத்தொண்ணு. உங்களுக்கு ஏறுனா அவியளுக்கு இறங்குது. ஓவன் சூடே இல்ல. உள்ள கேக்கு பச்சையா உக்காந்திருக்கு."

வடபாதியில் மின்னழுத்தம் குறைவது இந்தக் குறிப்பேட்டின் வரம்புக்குள் வராது.

டிசம்பர் 3, புதன்

மாகாளி ஒரு கேக் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். "தெரு நாய்க்குப் போட வச்சிருந்தாவ. பாருங்களேன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார். நடுவில் குழி விழுந்திருந்தது.

அவர் சொன்ன தகவல்: இந்த வருடம் ஆலயக் கமிட்டி நூற்றிருபது கேக்குக்கு வடபாதிக்காரரிடம் ஆர்டர் கொடுத்திருக்கிறது. இத்தனை நாளும் அது ஒரு பேக்கரிக்குப் போய்க்கொண்டிருந்தது. இருபத்துமூன்றாம் தேதி மாலை கேரல் ஆராதனை முடிந்ததும் சபையாருக்குக் கொடுக்க வேண்டும். கேக் அமுங்கினால் ஆர்டர் பேக்கரிக்கே திரும்பிவிடும்.

"வீட்டு ஆர்டரும் பெறகு வராது அண்ணாச்சி. ஊர்ப்பட்ட வாய் எல்லாம் கோயில்லதான கூடுது. டீச்சர் ராத்திரி தூங்கவே இல்லயாம்."

"கரண்ட் பற்றி என்ன சொல்கிறார்?"

மாகாளி தலையைச் சொறிந்தார். "சொன்னா கோவப்படக்கூடாது. 'பதினாலு வருசமா சும்மா கெடந்தவன், எனக்குக் கோயில் ஆர்டர் வந்ததும் ஒயர்ல கைய வச்சுட்டான்'னு சொல்லுதாவ."

எனக்கு டெஸ்டர் பிடிக்கத் தெரியாது என்பதைப் பதிவு செய்கிறேன்.

கேக்கைச் சாப்பிட்டுப் பார்த்தேன். நடுவில் வேகவில்லை. ஓரங்கள் குறை சொல்ல முடியாதவை. அம்மா கேக்குக்குப் போடும் அதே அளவு.

டிசம்பர் 6, சனி

முக்கியமான நாள்.

மினுங்கும் நேரத்தில் எதையும் போடக் கூடாது என்று மாகாளி சொல்லியிருந்தார். ஆனால் நாளை ஆலயத்துக்குப் போட்டுப்போகச் சட்டை இல்லை. 4.40-க்கு இஸ்திரிப் பெட்டியைப் போட்டேன். அந்தக் கணமே கூடத்து விளக்கின் வெளிச்சம் இறங்கியது. பெட்டியை அணைத்தேன், ஏறியது. போட்டேன், இறங்கியது. ஆறு முறை செய்து பார்த்தேன். ஆறும் ஒன்றுபோல.

பிறகு வாளியில் தண்ணீர் பிடித்து ஹீட்டர் கம்பியையும் போட்டேன். விளக்கு சாதாரண விளக்காக, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு எரிந்தது. மின்விசிறி இரண்டில் வைத்தால் இரண்டில் சுற்றியது.

5.35 வரை இரண்டையும் ஓடவிட்டேன். நான்கு சட்டை, மூன்று வேட்டி தேய்த்து முடித்தேன். இன்று இரண்டாம் முறையாகக் குளித்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

மாகாளி வந்ததும் வராததுமாக, "அண்ணாச்சி, சனிக்கிழமை கேக்கு எட்டும் பூப்போல வந்திருக்கு. டீச்சருக்கே ஆச்சரியம்" என்றார். நான் இஸ்திரி பற்றிச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு விளக்கினார்.

"பிரிக்கும்போது உங்களுக்கு ஒரு பேஸ், டீச்சருக்கு ஒரு பேஸ்னு மீட்டர் தனித்தனியாக் குடுத்திருக்கு. கரண்டு வார வழி வேற வேற. ஆனா திரும்பிப் போற வழி, நியூட்ரலு, அது ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணுதான். எங்கனயோ அந்த ஜாயிண்டு பிடிவிட்டுப் போச்சு. இப்ப போக வழியில்லாம ஒரு வீட்டுக் கரண்டு மத்த வீட்டுக்குள்ள போவுது. தராசு மாதிரி. டீச்சர் ஓவன் போட்டா அந்தத் தட்டு இறங்குது, உங்க தட்டு ஏறுது."

"இரண்டு தட்டிலும் ஒரே பாரம் வைத்தால்?"

"நேரா நிக்கும். ஆனா அதை வச்சு வெளையாடாதீய அண்ணாச்சி. ஜாயிண்டு சூடேறி ஒருநாள் தீப்பிடிச்சுரும். மெயினை ஆஃப் பண்ணிட்டுப் பேசாம இருங்க."

ஜாயிண்ட் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். சொன்னேன். வயர்கள் வந்து சேரும் அப்பா காலத்து மரப்பெட்டி ஒன்று கூடத்துச் சுவரில் இருந்தது. பாகம் பிரித்தபோது வந்த வயர்மேன், ஆளுக்கொரு நியூட்ரல் தனியாக இழுக்க இருவரும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நாங்கள் ஒரே தாளில் கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை. சரி என்று அவர் இரண்டையும் அந்தப் பழைய பெட்டிக்குள்ளேயே முறுக்கிவிட்டுப் போனார்.

பாகப்பத்திரத்தை நானே எழுதினேன். கிணறு, தென்னை, கொல்லைக் கதவு, கோழிக்கூண்டு எல்லாம் அதில் உண்டு. பெட்டி விட்டுப்போயிற்று. புதுச் சுவர் சரியாக அதன்மேல் வந்தது. அது தம் பக்கத்தில் இருக்கிறது என்று அக்கா சொன்னார். என் பக்கத்தில் என்று நான் சொன்னேன். பிறகு அவர் தம் பக்கத்தில் காரை பூசினார். நான் என் பக்கத்தில் பூசினேன். பெட்டி சுவருக்குள் இருக்கிறது. சட்டப்படி அது யாருடைய பாதியிலும் இல்லை.

மாகாளி சுவரைத் தட்டிப் பார்த்தார். "படிச்சவிய வீடுலா" என்றார்.

இப்போதும் அதே விண்ணப்பம்தான். இருவர் கையெழுத்து வேண்டும். வாரியத்து ஆட்கள் கம்பத்தில் இணைப்பை எடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க முடியும்.

டிசம்பர் 9, செவ்வாய்

விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாகாளி தெருவில் நின்றார். ஒரு பக்கம் என் கேட். மறுபக்கம் அக்காவின் கேட். நடுவில் ஆறடி இருக்கும்.

நான் சொன்னேன்: "மாகாளி, அவங்களுக்குத்தான் அவசரம்னு சொல்லு. முதல்ல அவங்க கையெழுத்து போட்டா நானும் போடுதேன்."

அக்கா சொன்னார்: "மாகாளி, அவசரம்னு நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லலயே. 'பெட்டி எம் பக்கம்'னு அடிச்சுப் பேசினது யாருன்னு கேளு. அந்த ஆளு மொதல்ல போடட்டும்."

"பத்திரத்துல இல்லாத பெட்டிக்கு நான் எப்படிப் பொறுப்புன்னு கேளு."

"பத்திரத்தை எழுதுனது யாருன்னு கேளு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாக் கேக்குதே," என்றார் மாகாளி. "பெறகு நான் எதுக்கு நடுவுல? வெயில் அடிக்கு."

விண்ணப்பம் மாகாளியின் சட்டைப்பையில் திரும்பிப் போயிற்று.

4.15 முதல் 5.35: இஸ்திரி, ஹீட்டர். என் பல்புகளைப் பாதுகாக்கும் பொருட்டு. விளக்கு நிதானம்.

டிசம்பர் 10, புதன்

இஸ்திரி, ஹீட்டர். தேய்த்தவை: படுக்கை விரிப்பு நான்கு, தலையணை உறை எட்டு.

டிசம்பர் 11, வியாழன்

இஸ்திரி, ஹீட்டர். தேய்த்தவை: ஜன்னல் திரை, மேஜை விரிப்பு, கைக்குட்டை எல்லாம், இரண்டு கரித்துணி.

வாளித் தண்ணீர் வீணாகக் கூடாது என்பதால் தினமும் மாலை குளிக்கிறேன். இவ்வளவு சுத்தமாக நான் உத்தியோகத்தில் இருந்தபோதுகூட இருந்ததில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

மாகாளி சரியாக நாலரைக்கு வந்து பார்த்துவிட்டார்.

"பல்புக்காகன்னா மெயினை இறக்கிட்டுப் போலாமே அண்ணாச்சி. ஒன்றரை மணிநேரம்தான?"

இருட்டில் குறிப்பு எழுத முடியாது என்றேன்.

"நாலரை மணிக்கு என்ன இருட்டு?"

ஜன்னல் திரையை நேற்றுத்தான் தேய்த்து மாட்டினேன், வெளிச்சம் குறைவு என்றேன். மாகாளி திரையை விலக்கிப் பார்த்தார். போகும்போது, "டீச்சர் கேக்கு நாப்பதாயிருச்சு. எல்லாம் நல்லா வருது. கரண்டு தானாச் சரியாயிட்டுன்னு நெனைக்காவ" என்றார்.

அதை நான் அவரிடம் கேட்கவில்லை.

டிசம்பர் 13, சனி

இஸ்திரி, ஹீட்டர். என் மனைவியின் சேலைகள் ஆறு தேய்த்தேன்.

அப்படி என்னதான் தகராறு என்று மாகாளி கேட்டார். ஒரு படிவம் சம்பந்தப்பட்டது என்றேன். அவருக்கு அது போதவில்லை என்று தோன்றியது. விவரம் வருமாறு.

அம்மா இறந்தபோது இரங்கல் நோட்டீஸ் அச்சடிக்கும் பொறுப்பு என்னுடையது. எல்லோரும் பின்பற்றும் படிவம்தான்: மகன் – மருமகள், மகள் – மருமகன், பேரப்பிள்ளைகள், கடைசியில் 'மற்றும் குடும்பத்தினர்'. மகன் நான். மருமகள் என் மனைவி. பேத்தி என் மகள். மகள் – மருமகன் என்ற வரிக்குத்தான் ஜோடி இல்லை. அச்சகக்காரர், "உங்க அக்கா பேரை எங்க சார் போட?" என்று கேட்டார். ஒற்றைப் பெயரைப் போட்டால் பக்கத்தில் இடம் காலியாகத் தெரியும், பார்க்க நன்றாக இராது என்றேன். 'மற்றும் குடும்பத்தினர்' என்பதில் எல்லோரும் அடக்கம் என்றேன்.

அம்மா ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தார். பார்த்துக்கொண்டவர் அக்கா. அதற்குப் படிவத்தில் பத்தி கிடையாது.

நானூறு நோட்டீஸ். அடக்கத்துக்கு முன்பே ஊரெல்லாம் ஒட்டியாயிற்று. அக்கா தெருமுக்குச் சுவர் முன் நின்று அதைப் படித்ததாகச் சொன்னார்கள். பிறகு அவர் என்னோடு பேசவில்லை. படிவம் அப்படித்தான் என்று நான் ஒருமுறை சொல்லி அனுப்பினேன். அது உண்மையும்கூட. ஆறு மாதத்தில் பாகம் பிரித்தோம்.

ஆறு வருடத்துக்கு முன் என் மனைவி இறந்தபோது அக்கா வந்தார். மூன்று நாள் எல்லோருக்கும் சமைத்துப் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். அந்த நோட்டீஸை என் மகள் எழுதினாள். அத்தையின் பெயரைத் தனி வரியில் போட்டிருந்தாள். படிவத்தில் இல்லாதது. பார்க்க ஒன்றும் மோசமாக இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

காலையில் கடைவாய்ப் பல் வலி. மதியம் இரண்டு மணிக்குப் பல் டாக்டரிடம் போனேன். ஐந்து பேருக்குப் பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார்கள். நான்கு மணிக்கு எனக்கு முன் இன்னும் ஒருவர் இருந்தார். எழுந்து வந்துவிட நினைத்தேன். அதற்குள் கூப்பிட்டார்கள். ஊசி போட்டார்கள். பல்லை எடுத்தார்கள். ஆட்டோவில் வீடு வந்தபோது மணி 5.50.

இன்று இஸ்திரி போடவில்லை.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் எட்டுக் கேக். எட்டும் நடுவில் குழி. தெரு நாய் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அதற்குப் போடவும் இல்லை, அதை விரட்டவும் இல்லை. என்னைப் பார்த்தார். வாயில் பஞ்சு வைத்திருந்ததால் நான் எதுவும் பேச முடியாத நிலையில் இருந்தேன். பஞ்சு இல்லாவிட்டாலும் நிலைமை அதுவே என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரவு சாப்பிடவில்லை. பல் காரணமாக.

டிசம்பர் 16, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு மாகாளியை வரச் சொல்லி விண்ணப்பத்தை வாங்கினேன். இரண்டு கட்டங்கள்: முதல் விண்ணப்பதாரர், இரண்டாம் விண்ணப்பதாரர். கை பழக்கத்தில் முதல் கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டது. தாளைக் கிழித்துப் போட்டு, வேறு தாள் வாங்கிவரச் சொன்னேன்.

"அடிச்சுட்டு எழுதலாமே அண்ணாச்சி?"

அடித்தல் திருத்தல் கூடாது என்றேன்.

முதல் விண்ணப்பதாரர்: செல்வி ஞா. லில்லி, ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டாம் விண்ணப்பதாரர்: ஞா. எபநேசர். 'முதல் விண்ணப்பதாரருக்கு என்ன உறவு' என்று ஒரு பத்தி இருந்தது. தம்பி என்று எழுதினேன். பெட்டி இருக்கும் இடம் என்பதற்கு எதிரே, 'முதல் விண்ணப்பதாரரின் பாதியில்' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

வயது வரிசைப்படி எழுதுவது அலுவலக நடைமுறை. இதற்கு வேறு பொருள் கொள்ள வேண்டியதில்லை.

4.15 முதல் 5.35: இஸ்திரி, ஹீட்டர். தேய்த்ததையே தேய்த்தேன்.

டிசம்பர் 17, புதன்

மாகாளி விண்ணப்பத்தோடு வந்தார். கையெழுத்து இருந்தது. பாலர் பள்ளிக் கரும்பலகையில் எழுதுவதுபோலக் குண்டு குண்டாக.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. படிச்சாவ. கண்ணாடியை எடுத்துட்டு வந்து மறுபடியும் படிச்சாவ. 'இது யாரு எழுத்து'ன்னு கேட்டாவ. அண்ணாச்சி எழுத்துதான்னேன். பெறகு உள்ள போயிட்டாவ. நான் கால்மணி நேரம் வெளியில நின்னேன். வரும்போது கையெழுத்து இருந்துச்சு. மூஞ்சி கழுவியிருந்தாவ."

மின்வாரியத்தில் கொடுத்தேன். இருபதாம் தேதி சனிக்கிழமை ஆள் அனுப்புவதாக உதவிப் பொறியாளர் சொன்னார். இந்தக் குறிப்பேட்டை நீட்டினேன். முதல் நான்கு பக்கங்களைப் படித்தார். "இவ்வளவு வேண்டாம் சார்" என்று திருப்பிக் கொடுத்தார்.

டிசம்பர் 18, வியாழன்

இஸ்திரி, ஹீட்டர்.

டிசம்பர் 19, வெள்ளி

இஸ்திரி, ஹீட்டர். மாகாளி கணக்குப்படி எண்பத்தெட்டு கேக் ஆகியிருக்கிறது. மீதி முப்பத்திரண்டு. நாளை கரண்ட் இருக்காது. நாளை மறுநாள் ஞாயிறு. அக்கா ஓவனைத் தொடமாட்டார். இருப்பது இரண்டே நாள், நான்கு ஈடு.

டிசம்பர் 20, சனி

ஒன்பது மணிக்குக் கம்பத்தில் இணைப்பை எடுத்தார்கள். மாகாளி உளியும் சுத்தியலுமாக வந்து, "எந்தப் பக்கம் உடைக்க?" என்று தெருவில் நின்று பொதுவாகக் கேட்டார்.

"இந்தப் பக்கம்" என்றேன்.

"இந்தப் பக்கம்" என்றார் அக்கா, அதே நேரத்தில், தம் வாசலில் நின்று.

பதினான்கு வருடத்துக்கு முன் இதே பெட்டிக்காக இதையே சொன்னோம். அப்போது அது உரிமை. இன்று வீட்டை இடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தோம். காரை மெலிதாக இருந்ததால் மாகாளி வடபாதியைத் தேர்ந்தெடுத்தார். சம்பந்தப்பட்ட இரு தரப்பாரும் உடனிருக்க வேண்டும் என்றார். அப்படி ஒரு விதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் போனேன்.

பெட்டி வெளியே வந்தது. பலகையின் உட்புறம் முழுவதும் கரி. ஜாயிண்டைத் தொட்டதும் மாகாளியின் கையோடு வந்துவிட்டது.

"பாத்துக்கிடுங்க. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா கேக்கும் கெடையாது, வீடும் கெடையாது."

அதோடு மாகாளி வாயைப் பூட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கலாம். செய்யவில்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். கரண்டு தானா ஒண்ணும் சரியாகல. இந்த ரெண்டு வாரமா நீங்க ஓவன் போடுத நேரமெல்லாம் அண்ணாச்சி அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியையும் ஹீட்டரையும் போட்டுக் காவல் நின்னாவ. பல்லு புடுங்கப் போன அன்னைக்குத்தான் போடல. அன்னைக்குத்தான் உங்க கேக்கு போச்சு."

பல்புகளைக் காப்பாற்றுவதற்காக என்று நான் விளக்கினேன். மாகாளியிடம்தான்.

அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"மாகாளி, ரெண்டு வாரமாத் தேய்ச்ச சட்டையாம். காலரைப் பாத்தியா?"

காலர் சுருங்கியிருந்தது. மறுக்க முடியவில்லை.

மாலை ஆறு மணிக்கு ஆளுக்கொரு நியூட்ரலோடு கரண்ட் வந்தது. மாகாளி இரண்டு வீட்டிலும் மீட்டர் வைத்துப் பார்த்தார். இருநூற்று இருபத்தெட்டு, இருநூற்று முப்பது.

டிசம்பர் 21, ஞாயிறு

விளக்கு நிதானம்.

டிசம்பர் 22, திங்கள்

காலை 8.00: விளக்கு நிதானம்.
8.30: நிதானம்.
9.00: நிதானம்.

நான்கு ஈடு வேக வேண்டுமென்றால் எட்டரைக்குள் ஓவனைப் போட்டிருக்க வேண்டும். போட்டாரா என்று தெரியவில்லை. விளக்கைப் பார்த்தேன். மின்விசிறியைப் பார்த்தேன். ஒரு தகவலும் இல்லை. சுவரருகில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். தெற்குக் காற்று. சரியாக வேலை செய்யும் மின்சாரம் பக்கத்து வீட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

9.20-க்கு இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். தேய்க்க ஒன்றுமில்லை. திரும்ப வைத்தேன்.

9.25-க்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, என் கேட்டைத் திறந்து, ஆறடி நடந்து, அந்தக் கேட்டைத் திறந்தேன். மாகாளி இல்லை. கதவைத் தட்டினேன்.

அக்கா திறந்தாள். கை முழங்கைவரை மைதா.

"என்ன?"

"ஓவன் எரியுதான்னு பாக்க வந்தேன்."

"எரியுது."

"எப்பப் போட்ட?"

"எட்டு மணிக்கு."

"வெளிச்சம் ஒண்ணும் மாறல. அதான்."

"மாறாம இருக்கத்தான சுவரை இடிச்சோம்?"

"ஆமா."

திரும்பலாம் என்று நினைத்தேன். அவள் கதவைச் சாத்தவில்லை.

"நோட்டீஸ்ல இடம் இருந்துச்சு" என்றேன். இதைச் சொல்ல நான் வரவில்லை. "அச்சாபீஸ்காரன் கேட்டான். நான்தான் வேண்டாம்னேன்."

"தெரியும். அவன் அன்னைக்கே வந்து சொல்லிட்டான்."

"பதினாலு வருசமா நீ அதைச் சொல்லவே இல்லயே."

"நீ எப்பச் சொல்லுதன்னு பாத்துக்கிட்டிருந்தேன்." முந்தானையில் கண்ணைத் துடைத்தாள். மைதா நெற்றியில் ஒட்டிக்கொண்டது. "ஏல, இப்படியே நிக்கப் போறியா? இன்னும் மூணு ஈடு கெடக்கு. கையைக் கழுவிட்டு வந்து முட்டையை அடி."

மாலை ஏழு மணிவரை நூற்றிருபது முட்டை அடித்தேன். ஒரே திசையில் அடிக்க வேண்டுமாம். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஏழெட்டு முறை தெரியப்படுத்தப்பட்டது.

டிசம்பர் 23, செவ்வாய்

ஐந்து மணிக்கு ஆலயத்திலிருந்து வேன் வந்தது. நூற்றிருபதையும் எண்ணி ஏற்றினேன். கமிட்டிச் செயலாளர் ஒன்றை வெட்டிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஈஸ்டருக்கும் டீச்சர்தான் என்றார்.

மிச்ச மாவில் சின்னதாக ஒரு கேக் போட்டிருந்தோம். அது மட்டும் நடுவில் அமுங்கிவிட்டது. மின்னழுத்தம் இருநூற்று இருபத்தெட்டு. மாகாளியின் மீட்டரை வாங்கி நானே வைத்துப் பார்த்தேன். அது நான் அடித்த முட்டை என்று அக்கா சொல்கிறாள். வேன் டிரைவரிடம் சொன்னாள். செயலாளரிடம் சொன்னாள். மாகாளியிடம் சொன்னாள். என்னிடம் மட்டும் நான்கு முறை சொல்லிவிட்டாள்.